அண்டாவில் வெட்டிய பெயர்: 45 நாள் முடங்கிக் கிடந்த ஒரு கைப்பேசிக் கடை

மதுரையில் வீட்டு மாடியில் இருந்தபடி, துணியில் முடிச்சிட்டுச் சாயம் ஏற்றும் சுங்குடிப் புடவை விற்கிறேன். கடை என்று காட்டுவதற்கு ஓர் அறையும் ஒரு மர அலமாரியும் மட்டுமே உண்டு. உண்மையான கடை, ஒரு பெரிய சமூக ஊடகத் தளத்தில் நான் நடத்திவந்த பக்கம்தான். 38,000 பேர் அதைப் பின்தொடர்ந்தார்கள். மாலை வெயில் தணிந்த பிறகு மொட்டை மாடியில் புடவையை விரித்துப் படம் எடுத்துப் போட்டால், இரவு ஒன்பது மணிக்குள் பாதிச் சரக்கு பேசி முடிந்துவிடும். 2024 அக்டோபர் 9, புதன்கிழமை காலை, தீபாவளிக்கு 22 நாள் இருக்கையில், காப்பி டம்ளரை ஒரு கையில் வைத்துக்கொண்டு பக்கத்தைத் திறந்தேன். கணக்கு முடக்கப்பட்டுவிட்டது என்று ஒரு வரி இருந்தது. பிறருடைய பதிப்புரிமையைத் தொடர்ந்து மீறியதே காரணம் என்று அதன்கீழ் எழுதியிருந்தது. யாருடைய எதை நான் எடுத்தேன் என்ற விவரம் எங்கும் இல்லை.

அந்தப் பக்கம் திரும்பி வர 45 நாள் ஆயிற்று. தீபாவளி அதற்குள் வந்து போய்விட்டது. அந்த நாட்களில் எனக்குத் தெரியவந்த சட்டங்களையும், நான் செய்த தவறுகளையும், இவ்வளவு பெரிய நிறுவனங்களை நம் அரசு எப்படி ஆள நினைக்கிறது என்பது பற்றி எனக்கு ஏற்பட்ட கருத்தையும் எழுதி வைக்கிறேன். முறுக்கு, இட்லிப் பொடி, சுடுமண் நகை என்று எதை விற்றாலும் கைப்பேசியையே கடையாக வைத்திருப்பவர்களுக்கு இது பயன்படக்கூடும்.

இப்படி ஓர் இரவில் கடையை இழப்பது எனக்கு இரண்டாம் முறை. 2019 ஏப்ரல் 3 அன்று சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை டிக்டாக் செயலிக்கு இடைக்காலத் தடை விதித்து, அதே மாதம் 24ஆம் தேதி அதை நீக்கியது. எங்கள் ஊரில் அந்தச் செயலியின் பெயரே தெரியாதவர்களுக்கும் அந்த மூன்று வாரச் செய்திகளால்தான் அது தெரிந்தது. நானும் அப்படித் தெரிந்துகொண்டு சேர்ந்தவள். சுங்குடி முடிச்சைப் பிரிக்கும் காட்சிகளை அதில் போட்டு ஆறாயிரம் பேரைச் சேர்த்திருந்தேன். கல்வான் மோதலுக்குப் பிறகு, 2020 ஜூன் 29 இரவு, மத்திய அரசு டிக்டாக் உட்பட 59 சீனச் செயலிகளைத் தடை செய்தது. மறுநாள் ஆறாயிரம் பேரும் இல்லை. ஆனால் அந்த இழப்பை நான் புரிந்துகொள்ள முடிந்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவு என்று நாளிதழில் படித்தேன். தடை செய்தது யார், எந்த அதிகாரத்தின்கீழ், எதற்காக என்பதெல்லாம் தெரிந்தது. அது சரியா தவறா என்று திண்ணையில் உட்கார்ந்து வாதிடவும் முடிந்தது. 2024இல் நடந்ததில் வாதிட ஆளே இல்லை.

முதல் தவறு என்னுடையது. பக்கத்தைத் தொடங்கிக் கொடுத்தவன் என் தம்பி மகன். அப்போது அவன் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தான். தன்னுடைய மின்னஞ்சல் முகவரியையே கொடுத்துப் பதிவு செய்துவிட்டான். இப்போது ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் பார்க்கிறான். போன் செய்து கேட்டபோது சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, "அத்தை, மூணு மெயில் வந்திருக்கு. விளம்பரம்னு நினைச்சு நான் திறக்கவே இல்ல" என்றான். செப்டம்பர் 21, செப்டம்பர் 30, அக்டோபர் 8 ஆகிய தேதிகளில் எச்சரிக்கைகள் வந்திருந்தன. மூன்றுமே என் புடவைப் படங்களைப் பற்றியவை. வேறொரு மாநிலத்தில் புடவை விற்கும் ஒருவர், அவை தமக்குச் சொந்தமான படங்கள் என்று புகார் கொடுத்திருந்தார். முதல் எச்சரிக்கைக்கே பதில் அனுப்பியிருந்தால் கணக்கு முடங்கியிருக்காது. கடையின் சாவியைத் தம்பி மகனிடம் கொடுத்து வைப்போமா? மின்னஞ்சலை மட்டும் அப்படிக் கொடுத்து வைத்திருந்தேன். இப்போது கணக்கு என் சொந்த மின்னஞ்சலிலும் என் எண்ணிலும் இருக்கிறது. ஞாயிறுதோறும் அந்தத் தளத்தின் பெயரைப் போட்டுத் தேடி, விளம்பரக் குப்பைக்குள் ஏதும் விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிடுகிறேன்.

இரண்டாவது தவறு இன்னும் வெட்கக்கேடானது. உதவிப் பொத்தானை அழுத்தி மூன்று முறை எழுதினேன். மூன்று முறையும் ஒரே பதில், எழுத்துக்கு எழுத்து மாறாமல் வந்தது. பதற்றத்தில் முடங்கிய கணக்கை மீட்பது எப்படி என்று தேடியபோது, 'அந்தத் தளத்தில் எங்களுக்கு ஆள் இருக்கிறது' என்று சொல்லும் ஒருவர் வாட்ஸ்அப்பில் வந்தார். முன்பணமாக 3,500 ரூபாய் அனுப்பினேன். அனுப்பிய ஒரு மணி நேரத்தில், மீதி 8,000 ரூபாய் அனுப்பினால்தான் வேலை தொடங்கும் என்றார். அப்போதுதான் புத்தி வந்தது. இணையப் பண மோசடிக்கான 1930 என்ற எண்ணை அழைத்துப் புகார் பதிந்தேன், பணம் திரும்பவில்லை. நிறுவனத்தின் வாசல் மூடியிருப்பதாக நமக்குத் தோன்றும் இடத்தில்தான் இத்தகைய தரகர்கள் வளர்கிறார்கள். வாசல் உண்மையில் மூடியிருக்கவில்லை, பக்கவாட்டுச் சந்தில் இருந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

சந்தைக் காட்டியவர் எங்கள் தெருவில் குடியிருக்கும் வழக்கறிஞர். சரஸ்வதி பூசைக்கு மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் முதலில் கேட்ட கேள்வி எனக்கு எரிச்சலூட்டியது: "அம்மா, அந்தப் படத்தை நீங்கதான் எடுத்தீங்கன்னு எதை வச்சுச் சொல்றீங்க?" என் புடவை, என் மாடி, என் கை என்றேன். "அது உங்களுக்குத் தெரியும். அங்கே உட்கார்ந்து பார்க்கிறவனுக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

அன்று இரவு புகார்தாரரின் பக்கத்தைத் திறந்து, என் படத்தையும் அவர் போட்டிருந்த படத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். அரக்கு நிறத்தில் வெள்ளைப் புள்ளி வைத்த புடவை. கீழே நான் பொறித்திருந்த கைப்பேசி எண்ணை வெட்டி எடுத்துவிட்டார். இயந்திரம் கண்டுபிடிக்காமல் இருக்கவோ என்னவோ, படத்தை இடவலமாகத் திருப்பியும் போட்டிருந்தார். என் படத்தில் முந்தானை வலப்பக்கம். அவர் படத்தில் இடப்பக்கம். நெடுநேரம் பார்த்த பிறகு புடவைக்குப் பின்னால் கண் போயிற்று. மாடிக் கைப்பிடிச் சுவரை ஒட்டி என் மாமியாரின் பித்தளை அண்டா கவிழ்ந்திருந்தது. காற்றில் புடவை பறக்காமல் இருக்க ஓரத்தை அதன்கீழ் சொருகியிருந்தேன். அண்டாவின் விளிம்பில், பாத்திரக் கடையில் புள்ளி புள்ளியாக வெட்டிக் கொடுப்பார்களே, அப்படி மாமனாரின் பெயரின் முதலெழுத்துகள் இருந்தன. 'மு.செ.' என்ற அந்த எழுத்துகள் அவருடைய படத்தில் கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பிக் கிடந்தன. புகார்தாரருக்குத் தமிழ் தெரியாது; தெரிந்திருந்தால் அந்த மூலையையும் வெட்டியிருப்பார்.

வழக்கறிஞர் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அதோடு நிற்காமல் ஒரு பட்டியலே சொன்னார். படத்தின் மூலக் கோப்பு கைப்பேசியில் இருக்க வேண்டும். எடுத்த நாள், நேரம், கைப்பேசியின் வகை எல்லாம் அந்தக் கோப்புக்குள் பதிந்திருக்கும். வாட்ஸ்அப்பில் அனுப்பிச் சேமித்த படத்தில் அந்த விவரம் அழிந்துவிடும் என்பதால், வாடிக்கையாளருக்கு அனுப்பிய பிரதியை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. என் மூலக் கோப்புகள் திரை உடைந்து அலமாரியின் அடித்தட்டில் கிடந்த பழைய கைப்பேசியில் இருந்தன. 1,800 ரூபாய் கொடுத்துத் திரை மாற்றி எடுத்தேன். அந்த வருடத்தில் நான் செய்த மிக நல்ல செலவு அதுவே. அதே புடவைக்கு வரிசையாக எடுத்த பதினொரு படங்கள் இருந்தன. அவற்றில் ஒன்றில் என் கட்டைவிரல், இன்னொன்றில் ஒரு காகம். களவாடியவரிடம் ஒரு படம்தான் இருக்கும். எடுத்தவரிடம்தான் தேறாத பத்துப் படங்களும் இருக்கும். அதனால் மங்கலான படங்களை நான் இப்போது அழிப்பதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் அவர்தான் விளக்கினார். இந்தியாவில் ஒரு நிழற்படத்தின் உரிமை பொதுவாக அதை எடுத்தவருக்கே முதலில் உரியது. பதிவு செய்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 2013ஆம் ஆண்டின் பதிப்புரிமை விதிகளில் 75ஆவது விதி என்று ஒன்று உண்டு. அதன்படி ஒருவர் எழுத்து மூலம் புகார் கொடுத்தால், உரிய விவரங்கள் அதில் இருக்கும் பட்சத்தில், தளம் 36 மணி நேரத்துக்குள் அந்தப் படத்தை 21 நாளுக்கு மறைத்து வைக்க வேண்டும். ஆனால் புகார் கொடுத்தவர் தாம் வழக்குத் தொடுத்து அந்த 21 நாளுக்குள் நீதிமன்ற உத்தரவைக் கொண்டுவருவதாக உறுதி எழுதித் தந்திருக்க வேண்டும். உத்தரவு வராவிட்டால் தளம் படத்தைத் திருப்பிப் போட்டுவிடலாம். படித்துப் பார்த்தபோது நியாயமான ஏற்பாடாகவே எனக்குத் தோன்றியது. புகார் கொடுப்பவரும் ஏதோ ஒன்றைப் பணயம் வைத்தாக வேண்டும் என்கிறது விதி.

என் விஷயத்தில் அந்த விதியை யாரும் தொட்டதாகவே தெரியவில்லை. தளம் பின்பற்றியது 1998இல் அமெரிக்கா இயற்றிய டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டத்தின் நடைமுறை. அதன்படி நான் ஒரு மறுப்பு மனு தரலாம். அதற்குப் பிறகு 10 முதல் 14 வேலைநாளுக்குள் புகார்தாரர் வழக்குத் தொடுக்காவிட்டால் படம் திரும்ப வேண்டும். மறுப்பு மனுவில் நான் சொல்வது பொய்யானால் பொய்ச் சத்தியத்துக்கான தண்டனைக்கு உட்படுவேன் என்றும், அமெரிக்க ஃபெடரல் நீதிமன்றத்தின் அதிகார வரம்பை ஏற்கிறேன் என்றும் கையெழுத்திட வேண்டும். மீனாட்சியம்மன் கோயிலிலிருந்து நடந்து போகும் தூரத்தில் நடந்த ஒரு புடவைத் தகராறு! நான்கு நாள் தயங்கினேன். உண்மையைச் சொல்பவர் அதில் கையெழுத்திட அஞ்ச வேண்டியதில்லை என்று வழக்கறிஞர் சொன்ன பிறகு உட்கார்ந்தேன். ஆனால் அந்தப் படிவம் கணக்குக்குள் நுழைந்தால்தான் திறக்கும், கணக்கோ முடக்கப்பட்டிருக்கிறது. பூட்டிய பெட்டிக்குள் சாவி என்று பாட்டி ஒரு விடுகதை சொல்வாள், அதுதான் நினைவுக்கு வந்தது. மனுவின் வாசகங்களை அப்படியே தட்டச்சு செய்து மின்னஞ்சலில் அனுப்பினேன். கிடைத்தது என்று ஒரு தானியங்கிப் பதில் வந்ததோடு சரி.

பக்கவாட்டுச் சந்து என்று மேலே சொன்னது இந்தியச் சட்டம் ஏற்படுத்தியிருக்கும் குறைதீர் அலுவலரை. 2021 பிப்ரவரி 25 அன்று அறிவிக்கப்பட்ட தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி ஒவ்வொரு தளமும் அப்படி ஓர் அலுவலரை நியமித்து, அவருடைய பெயரையும் தொடர்பு விவரத்தையும் வெளியிட வேண்டும். 50 லட்சத்துக்கு மேற்பட்ட பயனர்கள் உள்ள தளமானால் அந்த அலுவலர் இந்தியாவில் வசிப்பவராக இருக்க வேண்டும். நான் புகார் கொடுத்த காலத்தில் இருந்த விதிப்படி, 24 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாக ஒப்புதல் தந்து, 15 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். உதவிப் பொத்தானுக்கு இந்தக் கெடு எதுவும் கிடையாது. அதில் நூறு முறை எழுதினாலும் சட்டத்தின் கடிகாரம் ஓடத் தொடங்குவதில்லை. இந்த வேறுபாடு தெரியாததால் நான் ஐந்து நாளை வீணாக்கினேன்.

அக்டோபர் 14 அன்று அலுவலருக்குப் புகார் அனுப்பினேன். முதல் வடிவத்தில் என் கண்ணீர்க் கதை முழுவதும் இருந்தது. முடிச்சுப் போடும் ஐந்து பெண்களின் குடும்ப நிலைகூட எழுதியிருந்தேன். வழக்கறிஞர் எல்லாவற்றையும் அடித்துவிட்டு ஒரு பக்கத்தில் அடக்கினார். கணக்கின் முகவரி, மூன்று எச்சரிக்கைகளின் எண்களும் தேதிகளும், எந்த விதியின்கீழ் எழுதுகிறேன், என்ன வேண்டும் என்பவை மட்டும் மிஞ்சின. இணைப்பாக மூலக் கோப்புகள், புடவைக்கான சாயப்பட்டறைச் சீட்டு, அண்டாவின் பெயர் தெரியும்படி அருகருகே வைத்த இரண்டு படங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுக்கும்போது முகவரிப் பட்டையும் தேதியும் தெரிய எடுக்கச் சொன்னார். நீதிமன்றம்வரை போவதானால் 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆவது பிரிவின்படி மின்னணு ஆவணத்துக்கான சான்றிதழும் வேண்டும் என்றும் எச்சரித்தார். அவர் என்னிடம் ஒரு பைசா வாங்கவில்லை. நன்றிக்கு ஒரு புடவை எடுத்துக்கொண்டு போனேன். அவருடைய மனைவி விலையைக் கேட்டு எண்ணிக் கொடுத்துவிட்டார்.

ஒப்புதல் 22 மணி நேரத்தில் வந்தது. முடிவு 14ஆம் நாளில், அக்டோபர் 28 அன்று, தீபாவளிக்கு மூன்று நாள் முன்பு வந்தது. நான்கு வரி. கணக்கை மறு ஆய்வு செய்ததாகவும், கொள்கை மீறல் உறுதியானதாகவும், முடிவில் மாற்றமில்லை என்றும் சொன்னது. அண்டாவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இணைப்புகளை யாராவது திறந்தார்களா என்பதே எனக்குச் சந்தேகம். அன்று மாலை முடிச்சுப் போடும் பெண்களில் மூத்தவர் மாடிக்கு வந்து, "என்னக்கா, படம் போட்டாச்சா?" என்று கேட்டுவிட்டு, அலமாரியைப் பார்த்ததும் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் போய்விட்டார். 63 புடவைகள் விற்காமல் இருந்தன. துணியை நகத்தால் கிள்ளி நூல் சுற்றிப் போடும் அந்த முடிச்சு, ஒரு புடவையில் ஆயிரக்கணக்கில் வரும். சாயம் ஏறிக் காய்ந்தபின் நூலை இழுத்தால் சடசடவென்று பிரிந்து புள்ளிகள் விரியும். புவிசார் குறியீடு 2005இலேயே கிடைத்துவிட்ட தொழில்தான். ஆனால் அச்சில் அடித்த போலிப் புடவைக்கும் இதற்கும் கைப்பேசித் திரையில் வேறுபாடு தெரியாது. அதனால் படம்தான் எங்களுக்குச் சரக்கின் சான்று.

இந்த இடத்தில் அரசியலைப் பேசாமல் இருக்க முடியவில்லை. அதே 2024 மார்ச் 1 அன்று, கட்டணத் தகராறில் கூகுள் தன் பிளே ஸ்டோரிலிருந்து சில இந்திய நிறுவனங்களின் செயலிகளை நீக்கியது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட பாரத்மேட்ரிமோனியும் அவற்றில் ஒன்று. மத்திய அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ், அந்த நீக்கத்தை அனுமதிக்க முடியாது என்று வெளிப்படையாகச் சொன்னார், பேச்சு நடந்தது, ஒரு வாரத்துக்குள் செயலிகள் திரும்பின. அந்த இந்திய நிறுவனங்களின் தரப்பில் நியாயம் இல்லை என்று நான் சொல்லவில்லை. அமைச்சர் பேசினால் ஒரு வாரம், விதியைக் காட்டினால் 15 நாளும் நான்கு வரியும் என்ற கணக்குதான் உறுத்துகிறது. ஒரு நிறுவனம் அமைச்சருக்கு இறங்கி விதிக்கு இறங்காமல் இருந்தால், அங்கே ஆள்வது சட்டம் ஆகாது, செல்வாக்குதான்.

தளங்களை மட்டும் குறை சொல்வதும் நியாயமாகாது. அவை ஏன் இப்படி அவசரப்பட்டு நீக்குகின்றன என்று தேடிப் படித்தபோது, கதை 2004க்குப் போயிற்று. பாஸி.காம் என்ற ஏலத் தளத்தில் யாரோ ஒரு பயனர் ஆபாசக் காணொளியை விற்பனைக்குப் போட்டதற்காக, அதன் தலைமை நிர்வாகி கைது செய்யப்பட்டார். அதிர்ந்துபோன தொழில் துறையின் குரலுக்குப் பிறகு, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஆவது பிரிவு 2008ஆம் ஆண்டுத் திருத்தத்தில் மாற்றி எழுதப்பட்டது. பயனர் போடுவதற்குத் தளம் பொறுப்பல்ல. ஆனால் சட்டவிரோதம் என்று முறையாகத் தெரிந்த பிறகு நீக்காவிட்டால் பொறுப்பு. முறையாகத் தெரிவது என்றால் நீதிமன்ற உத்தரவு அல்லது அரசின் அறிவிப்பு என்று 2015 மார்ச் 24 அன்று ஸ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. பதிப்புரிமைக்கோ தனி வழி இருப்பதால், அங்கே தனியார் ஒருவரின் கடிதமே போதும்.

இந்த ஏற்பாட்டில் எந்தப் பக்கம் எவ்வளவு எடை இருக்கிறது என்று பாருங்கள். நீக்கத் தவறினால், பயனர் போடுவதற்குத் தான் பொறுப்பல்ல என்ற பாதுகாப்பைத் தளம் இழக்கும். அதன் அதிகாரிகள்மீது வழக்கு வரலாம். தவறாக நீக்கினால் என்ன ஆகும்? ஏறத்தாழ ஒன்றுமே ஆகாது. எனவே சந்தேகம் வந்தால் நீக்கிவிடு என்று இயந்திரத்துக்குச் சொல்லிக் கொடுப்பதுதான் நிறுவனத்துக்கு லாபம். விதிகள் நீக்குவதற்கு மணிக்கணக்கில் கெடு வைக்கின்றன, திருப்பிப் போடுவதற்கு நாள் கணக்கில் பேசுகின்றன. ஆட்சியில் இருப்பவர்கள் எந்தக் கட்சியாக இருந்தாலும் தளங்களைக் கண்டிக்கும்போது 'ஏன் இன்னும் நீக்கவில்லை' என்றுதான் கேட்கிறார்கள். 'ஏன் இதை நீக்கினாய்' என்று கேட்பதைக் காண்பது அரிது. ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டம் 2024 பிப்ரவரி 17 முதல் முழுமையாக நடப்புக்கு வந்தது. நீக்கினால் காரணத்தை விளக்கியாக வேண்டும் என்று அது சொல்கிறது. வெளிப்படையாக ஆதாரமற்ற புகார்களை அடிக்கடி கொடுப்பவரின் புகார்களை, எச்சரித்த பின், சிறிது காலம் ஏற்காமல் நிறுத்தி வைக்க வேண்டும் என்றும் சொல்கிறது. மீறினால் உலகளாவிய வருவாயில் 6 சதவீதம்வரை அபராதம். நம்மிடம் பதிப்புரிமைச் சட்டத்தின் 60ஆவது பிரிவு இருக்கிறது. ஆதாரமில்லாமல் மிரட்டியவர்மீது இழப்பீடு கேட்டு வழக்குப் போடலாம். 900 ரூபாய்ப் புடவை விற்பவர் அந்த வழக்கை எத்தனை வருடம் நடத்துவார்?

தீபாவளி கழிந்து, நவம்பர் 4 அன்று, கடைசிப் படியை ஏறினேன். குறைதீர் மேல்முறையீட்டுக் குழு என்று மத்திய அரசு 2023 ஜனவரியில் மூன்று குழுக்களை அமைத்தது. அதே ஆண்டு மார்ச் 1 முதல் அதற்கான இணையதளம் இயங்குகிறது. அலுவலரின் முடிவு கிடைத்த 30 நாளுக்குள் அங்கே மேல்முறையீடு செய்ய வேண்டும். எல்லாம் இணையத்திலேயே நடக்கிறது. என்னிடம் கட்டணம் கேட்கவில்லை. தில்லிக்கு வரச் சொல்லவும் இல்லை. அலுவலர் அனுப்பிய நான்கு வரிப் பதில் அங்கே அவசியமான ஆவணம். பயனற்ற பதில் என்று நான் அதை அழித்திருந்தால் மேல்முறையீடே நின்றிருக்காது. இம்முறை அண்டாவை முதல் இணைப்பாக வைத்தேன். 75ஆவது விதியின்படியான 21 நாள் கழிந்தும் புகார்தாரர் எந்த நீதிமன்ற உத்தரவையும் காட்டவில்லை என்பதைத் தனிப் பத்தியாக எழுதினேன்.

நவம்பர் 23, சனிக்கிழமை இரவு, புழுங்கல் அரிசி களைந்துகொண்டிருந்தபோது கைப்பேசி தொடர்ந்து ஒலித்தது. பக்கம் திரும்பி வந்திருந்தது. விளக்கமும் இல்லை, வருத்தமும் இல்லை. நிறுவனம் தன் முடிவை மாற்றிக்கொண்டதால் மேல்முறையீடு முடித்து வைக்கப்பட்டது என்ற தகவல் சில நாள் கழித்துக் குழுவிடமிருந்து வந்தது. இரண்டு முறை மறுத்த நிறுவனம், அரசுக் குழுவுக்குப் பதில் எழுத வேண்டிய கட்டம் வந்ததும் கோப்பைத் திறந்து பார்த்திருக்கிறது என்றே நினைக்கிறேன்.

இதற்காக அந்தக் குழுவைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடவும் எனக்கு மனமில்லை. அதன் உறுப்பினர்களை நியமிப்பது அரசு. என் வழக்கு புடவையைப் பற்றியது. அதில் அரசுக்கு எந்த அக்கறையும் இல்லை, அதனால் நடுவராக இருப்பது எளிது. நீக்கப்பட்டது ஆட்சியைக் கேலி செய்யும் ஒரு படமாக இருந்து, அதே ஆட்சி நியமித்த மூவரிடம் மேல்முறையீடு போயிருந்தால் நான் இவ்வளவு நம்பிக்கையோடு படிவத்தை நிரப்பியிருப்பேனா என்று கேட்டுக்கொண்டேன். நிறுவனத்தின் கையிலும் இல்லாமல், அமைச்சகத்தின் கையிலும் இல்லாமல், நுகர்வோர் ஆணையம்போல் மாவட்டத்திலேயே போய்க் கேட்கக்கூடிய ஓர் இடம் வேண்டும் என்பது என் கருத்து. அதுவரை இருக்கிற படியை ஏறாமல் விடுவது முட்டாள்தனம்.

வியாபாரத்தில் நான் மாற்றிக்கொண்டவை அதிகமில்லை. வாங்குபவரின் பெயரும் எண்ணும் இப்போது ஒரு நீள நோட்டில் ஏறுகின்றன. அவர்கள் சம்மதித்தால் மட்டும் எழுதுகிறேன். 45 நாளில் விற்ற சில புடவைகளும் பழைய கூரியர் ரசீதுகளிலிருந்து எண்களைப் பொறுக்கி அழைத்து விற்றவையே. 38,000 பேர் என்னைப் பின்தொடர்ந்தார்கள் என்று பெருமைப்பட்டேன். அவர்களில் ஒருவரின் எண்ணைக்கூட நான் எழுதி வைத்திருக்கவில்லை. கைத்தறி விற்பனைக்கான வேறு தளம் ஒன்றிலும் சிறிய பக்கம் தொடங்கியிருக்கிறேன். விற்பனை மந்தம்தான், இருந்தாலும் விளக்கு எரிகிறது. படம் எடுக்கும்போது எண்ணை மூலையில் பொறிக்காமல் புடவையின் நடுவே மங்கலாக வைக்கிறேன். அண்டாவைப் புளி போட்டுத் துலக்கி, எழுத்து வெளிச்சத்தைப் பார்க்கும்படி வைக்கிறேன்.

ஒன்று பாக்கி இருந்தது. என் படம் அந்த மனிதருடைய பக்கத்தில், 'மு.செ.' திரும்பிய நிலையில், அப்படியே இருந்தது. டிசம்பர் முதல் வாரத்தில் ஒருநாள் காலை அதே தளத்தின் பதிப்புரிமைப் படிவத்தைத் திறந்து, இது என் படம் என்று புகார் கொடுத்தேன். பழைய கைப்பேசி, பதினொரு படங்கள், சாயப்பட்டறைச் சீட்டு எல்லாவற்றையும் பக்கத்தில் எடுத்து வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன். என் பெயர், முகவரி, படத்தின் இணைப்பு, நான் உரிமையாளர் என்ற இடத்தில் ஒரு டிக். அவ்வளவுதான் கேட்டார்கள். மதியம் சாப்பிட்டு எழுவதற்குள் அவர் பக்கத்திலிருந்து படம் போய்விட்டது. ஆதாரம் என்று என்னிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.